பெலுகா இறங்கியது தற்செயலா? விமானத்தின் எடையும் ஓடுபாதையின் வலுவும்

1. திரிசூலம்_ரயில்

வணக்கம். வீட்டுச் சண்டை ஒன்றை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

2022 ஜூலையில் ஏர்பஸ் நிறுவனத்தின் பெலுகா சரக்கு விமானம் எரிபொருள் நிரப்புவதற்காக மீனம்பாக்கத்தில் இறங்கியது நினைவிருக்கும். திமிங்கிலம் போலத் தலை வீங்கிய விமானம். அந்தப் படம் இன்னும் எங்கள் சித்தப்பாவின் செல்பேசியில் இருக்கிறது. பொங்கலுக்கு வந்தவர் அதைக் காட்டி, "இவ்வளவு பெரிய உடம்பை நம்முடைய ஓடுபாதை தாங்கியதே தற்செயல்தான். காலியாக வந்ததால் தப்பித்தது" என்றார். அப்படியெல்லாம் விடமாட்டார்கள், ஒவ்வொரு ஓடுபாதைக்கும் இத்தனை டன் என்று ஒரு வரம்பு இருக்கும் என்றேன். "எங்கே, காட்டு" என்றார்.

தேடினேன். டன் கணக்கே எங்கும் இல்லை. பி.சி.என். என்று ஓர் எண், அதன் பின்னால் சாய்கோடு போட்டு நான்கு எழுத்துகள். பஸ் தடம் எண்போல இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனால் இன்னும் நான்கு பேரைக் கூட்டிவைத்துச் சிரிப்பார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. பொழிச்சலூர்_மாடி

பெலுகா வந்த அன்று நான் மொட்டை மாடியில் இருந்தேன். அத்தனை பெரிய உடம்பு, அவ்வளவு நிதானமாக இறங்கியது. தரை அதிரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

3. ஜல்லிக்காரர்

தம்பி, சித்தப்பா உடம்பைப் பார்க்கிறார். ஓடுபாதை உடம்பைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறது.

பெலுகாவின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 155 டன். மூக்குச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம் போனால் மீதி முழுவதும் எட்டு முதன்மைச் சக்கரங்களின் மேல். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 18½ டன். இப்போது நாள் முழுவதும் சென்னையில் ஏறி இறங்கும் ஏ320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 78 டன், முதன்மைச் சக்கரம் நான்கே நான்கு. வகுத்துப் பாருங்கள், அதே 18½ டன். சித்தப்பா மதுரைக்கோ மும்பைக்கோ போகும் விமானம் தரையை மிதிக்கிற மிதியும் பெலுகாவின் மிதியும் சக்கரக் கணக்கில் ஒன்றுதான். முழுதும் நிறைந்த எடையில்கூட இப்படி என்றால், காலியாக வந்ததா நிறைந்து வந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் இத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சக்கரத்துக்கு இத்தனை டன் என்பது பாதி உண்மை. பேரன் பள்ளியிலிருந்து வருகிற நேரம், மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

4. டாரஸ்_துரை

எனக்கு ஒரு சந்தேகம், அண்ணே. பத்துச் சக்கர லாரியில் 28½ டன்னுக்கு மேல் ஒரு மூட்டை கூடினாலும் ரோடு கெட்டுப்போகிறது என்று அபராதம் போடுகிறார்கள். 350 டன் விமானம் தொப்பென்று வந்து விழுகிறது, அதற்கு ஒன்றும் ஆகாதா? எங்கள் ரோட்டில் மட்டும் ஏன் மழைக்கு மழை பள்ளம்?

5. கிண்டி_மாணவி

துரை அண்ணா, உங்கள் லாரியின் பின்பக்க இரட்டை அச்சுக்குச் சட்டப்படி 21 டன், எட்டு டயர். ஒரு டயருக்கு 2.6 டன் அளவுதான் வருகிறது. ஏ320இன் ஒரு சக்கரம் அதைப்போல ஏழு மடங்கு. எனவே நெடுஞ்சாலையில் விமானத்தை ஓட்டினால் சாலை தாங்காது. ஓடுபாதையில் உங்கள் லாரியை ஓட்டினால் அது கொசு உட்கார்ந்ததுபோல.

ஆனால் சாலையில் உங்களைப் போன்ற லாரிகள் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் போகின்றன. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை விடாமல் ஓட்டிச் சாலைகளைக் கெடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்று நடந்தது. அதிலிருந்துதான் நான்காம் அடுக்கு விதி வந்தது. அச்சுச் சுமை இரு மடங்கானால் சாலைக்கு வரும் கேடு இரு மடங்கல்ல, தோராயமாகப் பதினாறு மடங்கு. அபராதத்துக்குக் காரணம் அதுதான், அண்ணா. ஒரு மூட்டைக்காக இல்லை.

6. டாரஸ்_துரை

பதினாறு மடங்கா! எங்கள் முதலாளிக்கு இதை அனுப்பிவைக்கிறேன். பள்ளத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

7. ஜல்லிக்காரர்

வந்துவிட்டேன். பள்ளம் தண்ணீரால் வருகிறது துரை. வடிகால் இல்லாத சாலைக்கு எத்தனை தார் போட்டாலும் வீண். ஓடுபாதைக்கும் அதே பகைதான், பின்னால் சொல்கிறேன்.

பாதி உண்மை என்றேனே, அதன் மறுபாதி இது. நாற்று நட்ட வயலில் வெறுங்காலோடு நடந்தால் முழங்கால்வரை இறங்கும். பனம்பலகையைப் போட்டு அதன்மேல் நடந்தால் இறங்காது. எடை பரவுகிறது. ஓடுபாதையின் தார், ஜல்லி, கிராவல் அடுக்குகள் அந்தப் பலகையின் வேலையைத்தான் செய்கின்றன. மேலே ஒரு கை அகலத்தில் விழும் அழுத்தம், கீழே போகப் போகக் கூடையைக் கவிழ்த்ததுபோல விரிந்து, அடிமண்ணைத் தொடும்போது அதனால் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். மண் மெலிந்ததா, அடுக்கைத் தடிப்பாக்கு. பெரிய விமானங்களுக்கான தளத்தை வெட்டிப் பார்த்தால் ஒரு மீட்டர் ஆழம்வரை அடுக்கு இருந்தாலும் வியப்பதற்கில்லை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சக்கரம் இருந்தால் இரண்டு கூடையும் கீழே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. மேற்பரப்புக்குத் தனித்தனிச் சக்கரம். அடிமண்ணுக்கோ எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய பாதம். அதனால்தான் வெறும் வகுத்தல் கணக்குப் போதாது. ஏ321 நியோவின் உச்ச எடை 97 டன், முதன்மைச் சக்கரம் நான்கு. ஒன்றுக்கு 23 டன். பழைய ஜம்போ 747-400க்கு 397 டன், பதினாறு சக்கரம். ஒன்றுக்குச் சுமார் 23½ டன். சக்கரக் கணக்கில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனாலும் ஆழத்தில் ஜம்போவின் கைதான் ஓங்கும், ஏனென்றால் அதன் கூடைகள் அதிகம் படிகின்றன.

இந்த எல்லாவற்றையும், அதாவது எடை, சக்கர எண்ணிக்கை, இடைவெளி, டயர் அழுத்தம், அடிமண் ஆகியவற்றை ஒரே எண்ணில் அடக்கியதுதான் ஏ.சி.என். அது விமானத்தின் எண். தளத்தின் எண் பி.சி.என். முதலாவது இரண்டாவதை மிஞ்சாவிட்டால் தடையின்றி வந்து போகலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981இல் கொண்டுவந்த முறை. 5,700 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்கானது.

எண்ணின் பொருள் என்ன என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். விமானத்தின் அத்தனை சக்கரங்களும் அடிமண்ணுக்குச் செய்யும் வேலையை ஒற்றைச் சக்கரம் ஒன்று செய்தால் அது எத்தனை டன் சுமக்கும், அதன் இரு மடங்கு. ஏ.சி.என். 40 என்றால் 1.25 மெகாபாஸ்கல் காற்றழுத்தம் கொண்ட 20 டன் ஒற்றைச் சக்கரத்துக்குச் சமம். இரு மடங்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அப்படி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

8. திரிசூலம்_ரயில்

ஐயா, கூடை புரிந்தது. பின்னால் வரும் எழுத்துகள்?

9. எடைத்தாள்

இதை நான் சொல்கிறேன். விமானத்துக்கு லோடு ஷீட், அதாவது எடைக் கணக்குத் தாள், போடுவது என் தொழில். எடுத்துக்காட்டுக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: 62/எஃப்/பி/டபிள்யூ/டி.

எஃப் என்றால் தார்த்தளம், வளைந்து கொடுப்பது. ஆர் இருந்தால் கான்கிரீட், விறைப்பானது. அடுத்த எழுத்து அடிமண், ஏ முதல் டி வரை. ஏ கெட்டி மண், டி சதசதப்பு. மூன்றாவது டயர் அழுத்தம். டபிள்யூ என்றால் எத்தனை அழுத்தமும் வரலாம், எக்ஸ் 1.75 மெகாபாஸ்கல்வரை, ஒய் 1.25, இசட் 0.5. பெட்ரோல் பங்க்கில் காருக்கு 30, 35 என்று காற்றுப் பிடிப்போமே, அதே அளவையில் ஏ320க்கு 200ஐ ஒட்டி வரும். கடைசி எழுத்து டெக்னிக்கல் என்பதன் டி, டெல்லியின் டி அல்ல. கணக்குப் போட்டு மதிப்பிட்டது என்று பொருள். அந்த இடத்தில் யு இருந்தால் அனுபவ மதிப்பீடு.

அடிமண் எழுத்தை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். போயிங் 777-300ஈஆர் நிறைந்த எடையில், தார்த்தளத்தில், ஏ மண்ணுக்கு ஏ.சி.என். சுமார் 64. பி மண்ணுக்கு 71. சி மண்ணுக்கு 89. டி மண்ணுக்கு 120. விமானமும் எடையும் மாறவில்லை. தரை மாறினால் எண் இரட்டிக்கிறது. இதைத் தெரியாமல் ஒரு விமானத்தின் ஏ.சி.என். இத்தனை என்று ஒற்றை எண்ணைச் சொல்பவர் பேச்சை நம்பாதீர்கள்.

சென்னைக்கான எண்ணை நேராகப் பார்க்க வேண்டுமானால் இந்திய வான்வழித் தகவல் வெளியீட்டில் மீனம்பாக்கத்தின் பக்கத்தைத் திறந்து 2.12ஆம் பிரிவுக்குப் போங்கள். ஓடுபாதை 07/25, 12/30 இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கும். டாக்சிவே (ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் பாதை), நிறுத்துமிடம் ஆகியவற்றின் வலு 2.8ஆம் பிரிவில். பலர் ஓடுபாதையை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள். இறங்கிய விமானம் எங்காவது நிற்க வேண்டும் அல்லவா?

10. கிண்டி_மாணவி

ஐயா, விமானத்தின் எண் தளத்தின் எண்ணைவிடக் கூடிவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

11. எடைத்தாள்

இல்லை. எடையைக் குறைப்போம். கணக்குக்காக ஒரு கற்பனை விமானம்: நிறைந்த எடை 80 டன், அப்போது ஏ.சி.என். 46. வெற்று எடை 42 டன், அப்போது 21. தளத்தின் எண் 40. இடையில் நேர்கோடு என்று வைத்துக்கொள்ளலாம்.

40லிருந்து 21 போக 19. 46லிருந்து 21 போக 25. 19ஐ 25ஆல் வகுத்தால் 0.76. எடையின் வீச்சு 38 டன், அதில் 0.76 பங்கு 28.9. வெற்று எடையோடு கூட்டினால் 70.9 டன். ஆக, 9 டன் வெளியே நிற்க வேண்டும். பெட்டி படுக்கையோடு ஓர் ஆளுக்கு நூறு கிலோ என்றால் தொண்ணூறு பேர். அவ்வளவு பேரையும் இறக்கிவிட்டா பறப்பார்கள்? எரிபொருளைக் குறைத்து, பக்கத்து ஊரில் இறங்கி நிரப்பிக்கொள்வார்கள்.

அதற்கு முன் ஒரு வழி உண்டு. எண்ணைவிட 10 சதவீதம்வரை எப்போதாவது மிஞ்சலாம். அப்படிப் பார்த்தால் 44. மேலே உள்ள கணக்கையே போட்டால் 77 டன் வரும்.

12. ஜல்லிக்காரர்

நிறுத்துங்கள். 10 சதவீதம் தார்த்தளத்துக்கு. கான்கிரீட்டுக்குப் பழைய முறையில் 5 சதவீதம்தான். உங்கள் விமானம் கான்கிரீட்டில் நின்றால் 42 எண்ணுக்கு 73.9 டன், அதற்கு மேல் இல்லை. மூன்று டன் பிழை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

13. எடைத்தாள்

ஒப்புக்கொள்கிறேன். தார் ஓடுபாதையை நினைத்துக்கொண்டே எழுதிவிட்டேன்.

14. ஜல்லிக்காரர்

இன்னொன்றும் இருக்கிறது. அப்படி மிஞ்சும் வருகைகள் ஆண்டின் மொத்தப் போக்குவரத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விரிசல் தெரியும் தளத்தில் கூடாது. அடிமண் தண்ணீரில் ஊறி மெலிந்திருக்கும் காலத்திலும் கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதியவர் சென்னையில் ஐப்பசி கார்த்திகை கழித்தவராக இருப்பாரோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

மாணவிக்காகச் சொல்கிறேன். தார்த்தளத்துக்கு மண்ணின் தரத்தைச் சி.பி.ஆர். (கலிபோர்னியா தாங்குதிறன் விகிதம்) சோதனையில் பார்த்தோம். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு அச்சில் மண்ணை இடித்து நிரப்பி, மேலே எடை வைத்து, தொட்டித் தண்ணீரில் நான்கு நாள் ஊறவைப்போம். எடுத்து வடியவிட்டு, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை அதில் அழுத்துவோம், நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில். எங்கள் ஆய்வகத்தில் மோட்டார் கிடையாது. கைப்பிடியை ஒருவர் சுற்ற, இன்னொருவர் கண்ணை எடுக்காமல் டயலைப் பார்த்து எண் சொல்ல, மூன்றாமவர் எழுதுவார். தேநீர்க்காரன் வந்தால்கூட யாரும் திரும்பக் கூடாது. தண்டு 2.5 மில்லிமீட்டர் இறங்க நல்ல உடைகல்லுக்கு 1,370 கிலோ வேண்டும் என்பது அளவுகோல். நம் மண்ணில் 137 கிலோவுக்கே இறங்கிவிட்டால் சி.பி.ஆர். 10, அதாவது பி வகை. 3 வந்தால் டி வகை. அன்றைக்கு எல்லார் முகமும் தொங்கிப்போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஏறி விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தபோது, செய்தியில் மூழ்கிய விமானங்களைப் பார்த்து ஊரே பதறியது. எனக்குக் கண்முன் வந்தது அந்தத் தொட்டிதான். நான்கு நாள் ஊறல். இயற்கையே சோதனை நடத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

15. பொழிச்சலூர்_மாடி

அந்த வாரம் பயணிகள் விமானங்கள் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து போயின. என் அக்கா மகள் அங்கிருந்துதான் ஏறினாள். அந்த ஓடுபாதை சென்னையுடையதைவிட நீளம். 2023 மிக்ஜாமில் மறுபடியும் இங்கே ஓடுபாதை தண்ணீரில் நின்றது. இரண்டாம் ஓடுபாதையோ அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டியது. பாலத்துக்கும் பி.சி.என். உண்டா, ஐயா?

16. ஜல்லிக்காரர்

பாலத்துக்கு வேறு கணக்கு. அங்கே மண் இல்லை, கூடை விரிய இடமில்லை. விமானத்தின் முழு எடையையும் உத்திரமும் தூணும் நேரடியாக வாங்க வேண்டும். 575 டன் ஏ380ஐ ஓடுபாதை மண் இருபது சக்கரமாகப் பிரித்துப் பார்க்கும். பாலத்துக்கு எல்லாம் ஒரே மூட்டை.

17. பாறைப்பித்தன்

உள்ளே வரலாமா? கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் வருகிறேன். பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் சுற்றியுள்ள பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லைத்தான் வைத்தார்கள். ஆங்கிலேய நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். உலகம் முழுக்க இந்தப் பாறையைப் பற்றி எழுதுபவர்கள் பல்லாவரத்தைச் சொல்லாமல் தொடங்க முடியாது. விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே தெரிகிற அந்த மொட்டைக் குன்றுதான். இவ்வளவு கெட்டிக் கல் வேலிக்கு வெளியே கிடக்க, உள்ளே மண் மெலிகிறது என்று கவலைப்படுகிறீர்களே என்று ஒரு வேடிக்கை.

18. ஜல்லிக்காரர்

பாறை பக்கத்தில் இருப்பது ஜல்லிக்கு நல்லது. ஆனால் ஆற்றோரத்தில் பத்தடி தள்ளினால் மண் வேறாகிவிடும், பித்தரே. மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுபாதையில் ஒரே மண் இருந்ததாக நான் எங்கும் பார்த்ததில்லை. கணக்குக்கு எடுப்பது பெரும்பாலும் மெலிந்த பகுதியைத்தான்.

19. டாரஸ்_துரை

கடைசி எழுத்து யு என்றால் அனுபவம் என்றீர்களே. அதாவது இதுவரை வந்த விமானத்தில் எது பெரியதோ அது தாங்கியது, ஆகவே தாங்கும் என்று எழுதிவைப்பதா? எங்கள் ஊர்ப் பாலத்தில் நாங்கள் போகிற முறையும் அதுதானே!

20. எடைத்தாள்

ஏறத்தாழ அதுதான். வழக்கமாக வந்துபோகும் விமானங்களில் கனமானதன் எண்ணையே தளத்துக்கு வைப்பது. விரிசல் இல்லாமல் தாங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குருட்டு நம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்த எண்ணைத் தாண்ட அந்த நிலையத்திடம் ஆதாரம் ஒன்றும் இருக்காது.

21. ஜல்லிக்காரர்

நான் கொஞ்சம் கோபமாகவே சொல்வேன். யு என்பது சோம்பலுக்குக் கொடுத்த சான்றிதழ். தளம் ஒரே நாளில் உடைவதில்லை. ஒவ்வொரு விமானமும் அதன் ஆயுளிலிருந்து ஒரு துளியை எடுத்துக்கொண்டு போகிறது. இன்று தாங்கியது என்பதற்கு நாளைக்கு எத்தனை துளி மிச்சம் என்று பொருள் இல்லை. பி.சி.என். உடையும் வரம்பு அல்ல, தம்பி. இத்தனை ஆண்டு, இத்தனை வருகை, இந்த எடைக் கலவை என்று நிலையம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட செலவுத் திட்டம். சித்தப்பாவுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணை மீறி ஒரு விமானம் இறங்கினால் தரை பிளக்காது. அடுத்த தார்ப்பூச்சு சில மாதம் முன்னால் வரும், அவ்வளவுதான். ஆனால் தினமும் மீறினால் சில மாதம் சில ஆண்டாகும்.

ஒரு விமான நிலையத்தில், பெயர் வேண்டாம், நிறுத்துமிடத்துக் கான்கிரீட் போட்டோம். பலகங்களுக்கு இடையிலுள்ள இணைப்பு இடைவெளியை அடைக்கும் பசையை ஒப்பந்தக்காரர் பாதிதான் நிரப்பினார். திறப்பு விழா அவசரம். இரண்டு மழைக்காலம் போனது. விமானம் ஓரத்தில் ஏறும்போதெல்லாம் இடைவெளி வழியே சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அடியில் இருந்த மண் அந்தத் தண்ணீரோடு வெளியே வந்துகொண்டிருந்தது என்று பொருள். மூன்றாம் ஆண்டு மூலைகள் முக்கோணமாக உடைந்தன. காகிதத்தில் அப்போதும் அதே பி.சி.என்.தான். எண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. குறைந்தது பசை.

22. கிண்டி_மாணவி

இப்போது இது மாறிவிட்டது அல்லவா? விமானத்துக்கு ஏ.சி.ஆர்., தளத்துக்குப் பி.சி.ஆர். என்று பாடத்தில் வருகிறது.

23. எடைத்தாள்

பி.சி.ஆர். என்றதும் மூக்கில் குச்சி நினைவு வருவதற்கு நான் பொறுப்பல்ல.

ஆம். 2024 நவம்பர் 28 முதல் புதிய முறை. எண்கள் ஏறத்தாழப் பத்து மடங்காகத் தெரியும். 62 இருந்த இடத்தில் 620 பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இரு மடங்கு ஒற்றைச் சக்கரச் சுமையை டன்னில் சொல்லாமல் நூறு கிலோவில் சொல்கிறார்கள், டயர் அழுத்தம் 1.5 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்கிறார்கள். மிஞ்சுவதற்கான 10 சதவீதம் இனிமேல் தாருக்கும் கான்கிரீட்டுக்கும் பொது. ஆக, என் பிழை கொஞ்சம் முன்கூட்டியே சரியாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

24. ஜல்லிக்காரர்

வைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் போட்டது பழைய எண்.

மாணவிக்கு: மண்ணைச் சி.பி.ஆர். எண்ணால் வகைப்படுத்தாமல் மீள்தன்மைக் குணகத்தால், அதாவது மண்ணின் விறைப்பு அளவால், வகைப்படுத்துகிறார்கள். 150 மெகாபாஸ்கலும் மேலும் ஏ, 100 முதல் 150 பி, 60 முதல் 100 சி, அதற்குக் கீழே டி. தாருக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரே அட்டவணை. பழைய முறைக்கு அடிப்படையான சூத்திரங்கள் நான்கு சக்கரக் கால்களில் தேறியவை. 777 ஆறு சக்கரக் காலோடு 1990களில் வந்தபோது அவை தடுமாறின. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டியில் கூரைக்கடியில் உண்மையான தளம் போட்டு, சக்கரங்களை உருட்டிப் பார்த்து, ஆறு சக்கரத்தைப் பழைய கணக்கு தேவைக்கு மேல் தண்டிக்கிறது என்று கண்டார்கள். திருத்தத்தை ஒட்டுப் போட்டுக்கொண்டே போகாமல் முறையையே மாற்றிவிட்டார்கள். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கைப்பிடி சுற்றுகிறவருக்கு வேலை போனது.

25. பொழிச்சலூர்_மாடி

காலை மாற்றினால் எண் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989இல் ஏ320 வாங்கத் தொடங்கியபோது, முதன்மைக் காலுக்கு இரண்டு சக்கரம் போதாது, நான்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியது. உலகில் மற்ற எல்லா ஏ320க்கும் காலுக்கு இரண்டு, நம்முடையதற்கு நான்கு. அப்போதைய நம் ஓடுபாதைகள் பல மெலிவு. விமானம் கூடுதல் இரும்பைச் சுமந்துகொண்டே பறந்தது, தரை பிழைத்தது. பல ஆண்டு மீனம்பாக்கத்தில் அவை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்: காலுக்கு நான்கு சக்கரம் தொங்கும். ஒரு படம் எடுக்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் வருத்தம்.

26. ஜல்லிக்காரர்

இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இது. தரையை மாற்ற முடியாதபோது செருப்பை மாற்றினார்கள். ஏ.சி.என். ஏறத்தாழப் பாதியாக இறங்கும்.

27. திரிசூலம்_ரயில்

அப்படியானால் தூத்துக்குடியில் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டியது வெறும் நீளம் மட்டுமல்ல?

28. எடைத்தாள்

சரியாகப் பிடித்தீர்கள். முன்பு அங்கே வந்தது ஏ.டி.ஆர். 72. 23 டன், சக்கரத்துக்கு ஐந்தரை டன். ஏ321 வர வேண்டுமானால் புதிதாகப் போட்ட நீளம் மட்டுமல்ல, பழைய துண்டும் அந்தச் சுமைக்குத் தேற வேண்டும். கோழிக்கோட்டில் 2015 மே மாதம் ஓடுபாதையைப் பலப்படுத்தும் வேலை தொடங்கியபோது அகன்ற உடல் விமானங்களை நிறுத்தினார்கள். அவை திரும்பி வர 2018 டிசம்பர் ஆனது. வளைகுடாவுக்குப் போகும் மலையாளிகள் கொச்சிக்கு அலைந்த கதை அது.

29. டாரஸ்_துரை

பரந்தூர் மண் எந்த எழுத்து, ஐயா? ஏரியும் வயலுமாக இருக்கிறதே.

30. மட்டுறுத்துநர்

பரந்தூர் அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. மண்ணோடு நில்லுங்கள்.

31. ஜல்லிக்காரர்

மண்ணோடு நிற்கிறேன். வயல் மண்ணில் அப்படியே தளம் போட யாரும் துணியமாட்டார்கள். மேல்மண்ணை வெட்டி எடுத்து, கிராவல் நிரப்பி, சுண்ணாம்போ சிமெண்டோ கலந்து இறுக்கி, எழுத்தை ஒரு படி ஏற்றுவார்கள். செலவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் போகும். ஏரியை மூடினாலும் தண்ணீர் வழக்கமான வழியில்தான் வரும், அதற்கு வடிகால் கொடுத்தாக வேண்டும். துரை கேட்ட பள்ளத்துக்கும் இதுதான் பதில்.

32. கிண்டி_மாணவி

கடைசியாக ஒன்று. விமானம் வந்து மோதும் இடத்தில்தானே தளம் அதிகம் கெடும்? அங்கே தடிப்பாகப் போடுவார்களா?

33. ஜல்லிக்காரர்

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், துரை தொப்பென்று விழுகிறது என்றாரே, அதுபோல. இறங்கும்போது எரிபொருள் தீர்ந்து எடை குறைந்திருக்கும், இறக்கையும் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கும். தளத்தைத் தின்பது புறப்பாடு. நிறைந்த தொட்டியோடு, மெல்ல ஊர்ந்து, திரும்பி, வரிசையில் நின்று காத்திருக்குமே, அந்த இடம். நிற்கும் சுமைதான் தாருக்குப் பகை, அதிலும் சித்திரை வெயிலில். 2012 ஜூலையில் வாஷிங்டனில் வெயிலுக்கு இளகிய தாரில் ஒரு சிறிய ஜெட் விமானத்தின் சக்கரம் புதைந்து, இழுவை வண்டி வைத்து எடுத்தார்கள். சிறிய விமானம், அம்மா. ஏ320இல் பாதி எடைகூட இல்லை. எந்த எண்ணையும் அது மீறவில்லை.

34. திரிசூலம்_ரயில்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைப் பொழிச்சலூர் மாடிக்கே கூட்டிப்போனேன். வீட்டுக்காரர் மோர் கொடுத்து உபசரித்தார். கூடை, செருப்பு, செலவுத் திட்டம் எல்லாம் சொன்னேன். சித்தப்பா வாதாடவில்லை. தொலைநோக்கியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. ஒரு 747 சரக்கு விமானம் வந்தது. "பதினெட்டு" என்றார். பதினாறு என்று நான் படித்துவிட்டு வந்திருக்கிறேன். மறுபடியும் சண்டை.

35. ஜல்லிக்காரர்

மூக்குச் சக்கரம் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார், தம்பி. சித்தப்பா சரி.